வலி மருந்துச் சீட்டும் ஆறு இலக்க எண்ணும்

திரையில்: தாள் மருந்துச் சீட்டு. 10 என்ற எண்ணின் பக்கத்தில் ஒரு பேனா முனை.

குரல்: மருத்துவர் ஆக்ஸிகோடோன் 10 மாத்திரை என்று எழுதுகிறார். யாரோ ஒரு பூஜ்யம் சேர்த்தால் அது 100. அமெரிக்காவில் ஓபியாய்டு எனப்படும், அடிமைப்படுத்தக்கூடிய இத்தகைய வலி மாத்திரைகள் தவறான கைகளுக்குப் போன வழிகளில் இதுவும் ஒன்று. சட்டம் கட்டுப்படுத்தும் இத்தகைய மருந்துகளுக்கும் மின்சீட்டு, அதாவது கணினி வழியே மருந்தகத்துக்குப் போகும் சீட்டு, எழுத டி.இ.ஏ. என்ற போதைப்பொருள் அமலாக்க நிர்வாகம் 2010-ல் அனுமதித்தது. நியூயார்க் மாநிலம் 2016 மார்ச்சில் அதைக் கட்டாயமாக்கியது. மெடிகேர் பார்ட் டி என்ற அமெரிக்க அரசின் மருந்துக் காப்பீட்டுத் திட்டத்தில் இப்போது மருத்துவர் எழுதும் இத்தகைய சீட்டுகளில் 70 சதவீதமாவது மின்வழியில் போக வேண்டும். சில விலக்குகள் உண்டு.

திரையில்: மருத்துவமனை அலுவலகம். புகைப்பட அடையாள அட்டை.

குரல்: சரி, மென்பொருள் வாங்கினால் வேலை முடிந்ததா? இல்லை. கையெழுத்திடப் போகிறவர் உண்மையில் அந்த மருத்துவர்தானா என்று முதலில் உறுதி செய்ய வேண்டும். மருத்துவமனையே இதைச் செய்யலாம்: அரசு வழங்கிய அடையாள அட்டையை நேரில் பார்த்து. அப்புறம் கையெழுத்து அனுமதியைத் தர இரண்டு பேர் வேண்டும். ஒருவரே எல்லாவற்றையும் முடித்துவிட முடியாது. திட்டமிடும்போது அதிக நாள் ஒதுக்க வேண்டியது இங்கேதான்.

திரையில்: மருத்துவரின் கணினித் திரை, அருகில் இருந்து.

குரல்: செவிலியர் சீட்டைத் தயார் செய்து வைக்கலாம். நோயாளியின் பெயர், மருந்து, வீரியம், எண்ணிக்கை எல்லாம் திரையில் வரும். மருத்துவர் படித்துப் பார்த்து, தயார் என்று குறிக்கிறார். பிறகு கடவுச்சொல். அதோடு டோக்கன் என்ற சிறு கருவியில் தெரியும் ஆறு இலக்க எண், அல்லது கைரேகை. இந்த இரண்டும் சேர்ந்தால்தான் கையெழுத்து.

கூட்டம் அதிகமான நாளில், "டாக்டர், டோக்கனைக் கொடுங்கள், நானே அனுப்பிவிடுகிறேன்" என்ற பேச்சு வரும். உதவும் எண்ணம்தான். ஆனாலும் கொடுக்கவே கூடாது. கொடுத்த அந்த நிமிடமே இத்தனை ஏற்பாடும் வீண். பயிற்சியில் இதை அழுத்திச் சொல்லுங்கள், மூத்த மருத்துவர்களிடமும். டோக்கன் தொலைந்தது தெரிந்தால் ஒரு வேலை நாளுக்குள் அனுமதியைக் கையாள்பவர்களிடம் தெரிவிக்க வேண்டும். அவர்கள் உடனே அனுமதியை நிறுத்துவார்கள்.

திரையில்: இணைப்பு இல்லை என்ற அறிவிப்பு.

குரல்: இணையம் விழுந்தால் வலியில் இருப்பவரைக் காக்க வைக்கத் தேவையில்லை. தற்காலிகத் தொழில்நுட்பக் கோளாறுக்குத் தாள் சீட்டை அனுமதிக்கும் விலக்கு நியூயார்க் சட்டத்திலேயே இருக்கிறது. அந்தத் தாள்கள் எந்த அலமாரியில், யார் பொறுப்பில் பூட்டியிருக்கும் என்பதை மின்சீட்டு தொடங்கும் நாளுக்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள்.