வாபாஷ் கரையில் வேட்டை நிலவு

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

ஒரு தீப்பொறியிலிருந்து தொடங்குகிறேன். இடது கையில் சிக்கிமுக்கிக் கல். அதன் விளிம்பை ஒட்டி, கருக்கி வைத்த பருத்தித் துணித் துண்டு. வலது கையில் வளைந்த எஃகு. எஃகால் கல்லின் விளிம்பை உரசினாற்போல் அடிக்க வேண்டும். கூர்மையான கல் எஃகைத் துணுக்காகச் சீவுகிறது. அந்தத் துணுக்கே எரிந்து பொறியாகப் பறக்கிறது. கருக்கிய துணியில் பொறி விழுந்துவிட்டால் குங்குமப் பொட்டளவு கனல் தெரியும். அதை உலர்ந்த நார்ச்சுருளுக்குள் பொத்தி, மெல்ல ஊத வேண்டும். முதலில் புகைதான் வரும், கண் எரியும். ஊதிக்கொண்டே இருந்தால் சட்டென்று தீ பற்றும். ஒரு வேளைச் சமையலுக்கு முன்னால் இத்தனை வேலை! தீக்குச்சி வருவதற்கு முன்பு வாழ்ந்தவர்களின் பொறுமையைப் புத்தகம் படித்து நான் உணர்ந்ததில்லை.

அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில், லாஃபயெட் நகரை ஒட்டி ஓடும் வாபாஷ் ஆற்றங்கரையில் இந்தப் பழைய வாழ்க்கையை விழாவாக எடுக்கிறார்கள். பெயர் 'வேட்டைக்காரர் நிலவு விருந்து'. இலையுதிர் காலத் தொடக்கத்தை ஒட்டி வரும் முழுநிலவு அறுவடை நிலவு; அதற்கு அடுத்து வரும் முழுநிலவை வேட்டைக்காரர் நிலவு என்பது அங்குள்ள வழக்கு. 1968-இல் தொடங்கிய விழா, இலையுதிர் காலத்தில் நடக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் 1717-இல் அங்கே வியாட்டனான் என்ற கோட்டையைக் கட்டினார்கள். கோட்டை என்றதும் செஞ்சியை நினைத்துவிடாதீர்கள். மரவேலி சூழ்ந்த வணிக நிலையம் அது. விலங்குத் தோலுக்கு மாற்றாகச் செம்புப் பாத்திரமும் கத்தியும் துணியும் பாசிமணியும் கைமாறின. படகோட்டிகளும் அந்த மண்ணின் மக்களும் கூடிய அந்த இலையுதிர்காலச் சந்தையைத்தான் இன்று நடித்துக் காட்டுகிறார்கள். முகாமிடுபவர்கள் அந்தக் காலத்து உடையில்தான் வர வேண்டும். கொல்லன் உலை ஊதுகிறான். திரியை உருகிய மாட்டுக் கொழுப்பில் தோய்த்து, ஆறவிட்டு, மறுபடி தோய்த்து மெழுகுவர்த்தி வார்க்கிறார்கள். படகோட்டிகள் இடுப்பில் கட்டிய கம்பளிக் கச்சையைத் தறியே இல்லாமல் விரல்களால் பின்னுகிறார்கள். கைத்தொழில் கையிலிருந்து கைக்குப் போனால்தான் பிழைக்கும் என்பதை நான் உறுதியாக நம்புகிறேன். அதனால் இந்த விழாவை மனதாரப் போற்றுகிறேன்.

ஆனால் ஒரு சொல் என்னை உறுத்துகிறது. இதை 'எல்லைப்புற வாழ்க்கை' என்கிறார்கள். யாருடைய எல்லை? ஐரோப்பியர்களுக்கு அது எல்லை. அந்த மண்ணின் பூர்வகுடிகளான வியா மக்களுக்கு வீட்டு முற்றம். சோளம் விளைந்த வயல்களும் வீடுகளும் அங்கே இருந்தன. 1791-இல், ஜார்ஜ் வாஷிங்டன் குடியரசுத் தலைவராக இருந்தபோது, சார்லஸ் ஸ்காட் தலைமையில் வந்த கென்டக்கிக் குதிரைப்படை அந்த ஊர்களைக் கொளுத்தியது, பயிரை அழித்தது, பெண்களையும் குழந்தைகளையும் சிறைபிடித்துச் சென்றது. சந்தையின் மகிழ்ச்சியைச் சொல்கிற அதே குரலில் இதையும் சொல்ல வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

இன்னொரு செய்தி. விழாத் திடலில் கோட்டையின் நினைவாக நிற்கும் மரக்கட்டடம் 1930-இல் எழுப்பியது. உண்மையான கோட்டை இருந்த இடம் ஆற்றோடு சுமார் ஒரு மைல் கீழே, மண்ணுக்குள் கிடந்தது. அகழாய்வாளர்கள் அதைத் தோண்டிக் கண்டார்கள். அந்த மண்ணின் சொந்தக்காரர்களான வியா மக்களின் வழித்தோன்றல்களோ இன்று பியோரியா என்ற மற்றொரு பூர்வகுடி இனத்தாரோடு சேர்ந்து தொலைவில், ஓக்லஹோமா மாநிலத்தில் இருக்கிறார்கள்.