கடைகளில் நிற்கும் பணம்

அன்பார்ந்த நேயர்களுக்கு என் வணக்கம். வங்கியின் கடன் பிரிவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். எந்தத் தொழிலைத் தொடங்கலாம், எந்தத் திட்டத்தில் எவ்வளவு மானியம் என்பனவற்றைச் சொல்லப் பலர் இருக்கிறார்கள். சரக்கு நன்றாக விற்றுக்கொண்டிருக்கும்போதே கையில் பணமில்லாமல் நின்றுபோன தொழில்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அது எப்படி நேர்கிறது என்பதையே இன்று பேச விரும்புகிறேன்.

இட்லி மாவு அரைத்துக் கடைகளுக்குப் போடும் ஓர் அம்மா, பெரிய கிரைண்டர் வாங்க 2 லட்சம் ரூபாய் கடன் கேட்டு ஒரு நாள் வந்தார். நாளொன்றுக்கு 60 பாக்கெட் போவதாகவும், ஒரு பாக்கெட்டுக்கு 13 ரூபாய் நிற்பதாகவும் சொன்னார். கணக்கு எங்கே என்று கேட்டேன். ஒரு பழைய மாதக் காலண்டர் தாளைப் பையிலிருந்து எடுத்து விரித்தார். அதன் பின்பக்கத்தில் கடைகளின் பெயர்களும் பாக்கித் தொகைகளும் அடித்தும் திருத்தியும் எழுதப்பட்டிருந்தன. அவ்வளவுதான் கணக்கு.

அவரை உட்காரவைத்து ஒவ்வொன்றாகக் கேட்டேன். நேயர்களும் மனக்கணக்காகவே இதைத் தொடரலாம். 4 கிலோ இட்லி அரிசிக்கு 1 கிலோ உளுந்து. ஊறி அரைத்தால் சுமார் 12 கிலோ மாவு. வெந்தயம், உப்பு சேர்த்து அன்றைய விலைக்கு 320 ரூபாய் ஆயிற்று, அதாவது கிலோவுக்கு 27 ரூபாய்க்குள். ஒரு கிலோ பாக்கெட்டைக் கடைக்குப் போடும் விலை 40. அவர் சொன்ன 13 ரூபாய் அங்கிருந்துதான் வந்தது. ஆனால் நாள்தோறும் ஏழெட்டு பாக்கெட் புளித்துத் திரும்பி வந்தது. அதை அவர் நஷ்டமாகக் கருதவே இல்லை, வீட்டில் தோசை ஊற்றிவிடுவோம் என்றார். விற்ற 52 பாக்கெட்டுக்கு 2,080 ரூபாய் வருகிறது. அரைத்த 60 கிலோவுக்கு 1,620 ரூபாய் போகிறது. மிச்சம் 460. அதில் கவருக்கு 90, வண்டிப் பெட்ரோலுக்கு 70, மின்சாரத்துக்கு 60 கழித்தால் நிற்பது 240 ரூபாய். விடியற்காலை 4 மணிக்கு எழுந்து கணவனும் மனைவியும் சேர்ந்து உழைத்த உழைப்புக்கு அந்த 240தான் கூலி, அதுவேதான் லாபமும். அந்த அம்மா சற்று நேரம் பேசவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உண்மையில் இதுதான் முக்கியமானது. கடைக்காரர்கள் வாரம் ஒருமுறைதான் பணம் கொடுத்தார்கள். ஒரு நாள் சரக்கு 2,080 என்றால் ஏழு நாளைக்கு 14,560 ரூபாய் எப்போதும் வெளியே நிற்கிறது. பெரிய கிரைண்டர் வாங்கி விற்பனையை இரண்டு மடங்காக்கினால், வெளியே நிற்கும் பணமும் 29,000 ரூபாயைத் தாண்டும். அரிசி மண்டியிலோ அவருக்குக் கடன் கிடையாது, ரொக்கம்தான். விற்பனை கூடக் கூட அவர் கைப்பணம் குறைந்துகொண்டே போகும், அந்த ஓட்டையை அடைக்கத் தினவட்டிக்காரரிடம் போக நேரும். வங்கிக் கடன் அவரை அந்த இடத்துக்கு இன்னும் வேகமாகக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கும்.

கடனை மறுத்துவிட்டு, ஒரு நோட்டு வாங்கி ஒவ்வொரு கடைக்கும் கொடுத்தது, திரும்பியது, வந்த பணம் என்று ஒரு மாதம் எழுதிவரச் சொன்னேன். கோபித்துக்கொண்டு போனார். ஆனால் எழுதிக்கொண்டு வந்தார்! திரும்பும் பாக்கெட்டில் பாதிக்கு மேல் மூன்றே கடைகளிலிருந்து வருவதை அந்த நோட்டு காட்டிக்கொடுத்தது. விசாரித்தால், அந்தக் கடைகளில் மின்கட்டணத்துக்கு அஞ்சி இரவில் ஃபிரிட்ஜை அணைத்துவிடுகிறார்களாம். காலையில் கவர் பலூன் மாதிரி உப்பி நிற்கும். அந்த மூன்று கடைகளையும் நிறுத்தினார். மற்றவர்களிடம், நேற்றைய சரக்குக்கு இன்று காலை பணம் என்று பேசினார். இரண்டு கடைகள் ஒத்துக்கொள்ளாமல் விலகின. 44 பாக்கெட் மட்டுமே அரைத்தும் நாளொன்றுக்கு 300 ரூபாய்க்கு மேல் நின்றது, அதுவும் ரொக்கமாக. அடுத்த ஆண்டு, சாய்த்து மாவை எடுக்கும் டில்டிங் கிரைண்டருக்கு அவர் கேட்டதில் பாதியை நானே பரிந்துரைத்தேன்.

எழுதுங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதாக வீட்டிலும் குறை உண்டு. செல்பேசியில் பணம் வந்து விழுவதால் கணக்கு தானாக இருக்கிறது என்று இளைஞர்கள் சொல்கிறார்கள். வந்தது அதில் இருக்கும், வரவேண்டியது இருக்காது. பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் அரிசி மூட்டையின் விலையும் ஒரே வங்கிக் கணக்கிலிருந்து போனால் எது தொழில், எது குடும்பம் என்று மாதக் கடைசியில் யாராலும் பிரிக்க முடியாது. தொழிலுக்குத் தனிக் கணக்கு தொடங்கி, உங்களுக்கென ஒரு சம்பளம் வைத்து அதை மட்டும் எடுங்கள்.

எனக்கு ஒதுக்கிய நேரம் முடியப்போவதாகச் சைகை காட்டுகிறார்கள். மானியத்தைப் பற்றி ஒரே வரி: பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் மானியம் உங்கள் கைக்கு வராது, 3 ஆண்டுகள் வங்கியிலேயே வைப்பாகக் கிடந்து பிறகே கடனில் கழிக்கப்படும். அதை நம்பி முதல் போடாதீர்கள். நிறுவனங்களுக்குச் சரக்குப் போடுகிறவர்கள் குறு, சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவைச் செய்துகொள்ளுங்கள்; ஆதார் எண்ணும் பான் எண்ணும் வேண்டும், கட்டணம் கிடையாது. பதிவு செய்த குறு, சிறு உற்பத்தியாளருக்கு, ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தரவேண்டும் என்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். தவறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதம் என்ற அடிப்படை வட்டியைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு இது பொருந்தாது. புகாரை எப்படி எழுதுவது என்பதையும் சொல்ல எண்ணியிருந்தேன். உங்கள் மாவட்டத் தொழில் மையத்தில் கேளுங்கள், சொல்வார்கள். வணக்கம்.