பழைய கட்டடமும் அலுவலகத்தின் முதல் நாற்காலியும்

நேயர்களுக்கு வணக்கம்.

ஒரு பழைய கட்டடத்தைப் புதுப்பித்துத் திறந்துவைக்கும்போது செய்தியில் பெரும்பாலும் ஒரே ஒரு பெயர்தான் வரும். கட்டடக்கலை நிறுவனத்தின் பெயர், அல்லது அதன் தலைவரின் பெயர். பழைய கட்டடங்களில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் என்ற முறையில், இன்றைக்கு அந்தத் தலைவரின் நாற்காலியைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். பழைய கட்டடங்களில் கை பழகிய ஒரு நிறுவனத்தை நடத்துபவர் எப்படிப்பட்டவராக இருக்க வேண்டும்? கேட்கும்போது நிர்வாக விஷயம் போலத் தோன்றும். ஆனால் ஒரு சுவர் நிற்பதும் விழுவதும் பல நேரம் இந்த விஷயத்தில்தான் இருக்கிறது.

புதுக் கட்டடம் என்றால் வெற்று மனை, வெள்ளைத் தாள். தலைவர் ஒரு கோடு போடுவார், அலுவலகம் முழுவதும் அந்தக் கோட்டின் பின்னால் போகும். பழைய கட்டடத்தில் அப்படி முடியாது. முந்நூறு வருடத்துக்கு முன்னால் ஒருவர் முடிவெடுத்துக் கட்டியிருப்பார். பிறகு வந்தவர் சுவரை உடைத்து வாசல் வைத்திருப்பார். அவருக்குப் பின்னால் வந்தவர் அந்த வாசலை அடைத்து, மேலே பூசி, அங்கே வாசல் இருந்த சுவடே தெரியாமல் செய்திருப்பார். எந்தச் சுவர் பாரம் தாங்குகிறது, எது தடுப்புக்காக மட்டும் நிற்கிறது என்று வெளியே நின்று பார்த்துச் சொல்லிவிட முடியாது. அதனால் இங்கே தலைவருக்கு முதல் வேலை, தன் அலுவலகத்தின் கையைக் கொஞ்ச காலம் பிடித்து நிறுத்திவைப்பது. தொடாதீர்கள், முதலில் பார்ப்போம் என்று சொல்வது.

ஒரு விரிசலையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய சுவரில் விரிசலைப் பார்த்ததும் எல்லோருக்கும் அதை உடனே அடைக்கத்தான் தோன்றும். ஆனால் அந்த விரிசல் என்றைக்கோ விழுந்து அப்படியே நின்றுபோனதா, இன்னும் நகர்ந்துகொண்டிருக்கிறதா என்று முதலில் தெரிய வேண்டும். அதற்கு ஒரு பழைய முறை உண்டு. விரிசலுக்குக் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டித் தேதி எழுதிவைப்பார்கள். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடைந்துவிடும். இப்போது அளவு குறித்த பட்டைகள் வந்துவிட்டன, மின் கருவிகளும் வந்துவிட்டன. எந்தக் கருவியை வைத்தாலும் ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் கடந்தால்தான் உண்மை தெரியும். மண் ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும், அதோடு சுவரும் ஆடும். ஆக, ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். பணம் போட்டிருப்பவரிடம் அதை யார் போய்ச் சொல்வது? அலுவலகத்தில் சேர்ந்து இரண்டு வருடம் ஆன பிள்ளை சொன்னால் எடுபடாது. தலைவர்தான் சொல்ல வேண்டும். அவர் சொல்லத் தயங்கினால், கீழே இருப்பவர்கள் விரிசலை அடைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள்.

இதே போலத்தான் ஓதம். சுவரின் அடியிலிருந்து ஈரம் ஏறி, இடுப்பு உயரம் வரைக்கும் சுண்ணாம்பு பொரிந்து உதிர்வதை நீங்கள் எல்லோரும் எங்காவது பார்த்திருப்பீர்கள். பார்த்தவுடன் என்ன செய்கிறோம்? பழைய பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு, கெட்டியாக சிமென்ட் பூசிவிடுகிறோம். ஆறு மாதம் பளபளப்பாக இருக்கும். அப்புறம் அந்தப் பூச்சுக்கு மேலே புதிதாக ஈரக்கறை தெரியும், முன்பிருந்ததைவிட உயரத்தில். காரணம் எளிது. சுண்ணாம்புக் காரை ஈரத்தை வாங்கி மெல்ல வெளியே விடும். சிமென்ட் பூச்சு அந்த வழியை அடைத்துவிடும். உள்ளே மாட்டிக்கொண்ட ஈரம் மேலே ஏறும், அல்லது பக்கத்தில் இருக்கும் செங்கல் வழியாகவும் கல் வழியாகவும் வெளியே வரப்பார்க்கும். வரும்போது உப்பையும் கொண்டுவரும். ஈரம் காயும் இடத்தில் உப்பு பூத்து, கல்லின் முகத்தையே பெயர்த்துவிடும். சிமென்ட் கெட்ட பொருள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் பழைய சுவரோடு அது சேர்ந்து போகாது. பழைய சுவரில் சாந்து எப்போதும் கல்லைவிட மென்மையாக இருக்க வேண்டும், கேடு வந்தால் சாந்துக்குத்தான் வர வேண்டும். சாந்தைத் திரும்பப் பூசிக்கொள்ளலாம், கல்லை எங்கே போய்த் தேடுவது? தலைவர் இதை அலுவலகத்தில் ஒருமுறை சொல்லிவிட்டால் போதாது. ஒவ்வொரு வேலையிலும், ஒவ்வொரு புதிய ஒப்பந்தக்காரரிடமும் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும்.

கெட்டியான புதுப் பொருள் என்ற ஆசையில் பெரிய இடங்களே அடிபட்டிருக்கின்றன. ஏதென்ஸ் நகரத்தில் பார்த்தெனான் கோயில் இருக்கிறதே, அதை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிக்கோலாஸ் பலானோஸ் என்ற பொறியாளர் சீர்செய்தார். பளிங்குக் கற்களை இணைக்க இரும்புக் கவ்விகளை வைத்தார். பழங்காலக் கிரேக்கர்களும் இரும்பைத்தான் வைத்தார்கள், ஆனால் அதைச் சுற்றி ஈயம் வார்த்திருந்தார்கள். பலானோஸ் வைத்த இரும்புக்கு அந்தக் கவசம் இல்லை. இரும்பு துருப்பிடித்து ஊதியது, ஊதியபோது பளிங்கு வெடித்தது. 1975-ல் இதற்கென்று ஒரு குழு அமைத்து, அந்த இரும்பையெல்லாம் எடுத்துவிட்டு டைட்டானியம் வைத்துக்கொண்டு வருகிறார்கள். பல பத்தாண்டுகளாக நடக்கும் வேலை அது. பலானோஸும் தன் காலத்தில் விவரம் தெரிந்தவர்தான், மதிக்கப்பட்டவர்தான். அதனால்தான் சொல்கிறேன், பிற்காலத்தில் திரும்ப எடுத்துவிட முடியாத எதையும் பழைய கட்டடத்துக்குள் வைக்க அனுமதி கொடுக்கும் முன்னால் தலைவர் ஒருமுறைக்கு நான்குமுறை யோசிக்க வேண்டும்.

சரி, இப்போது எனக்கு மிகவும் பிடித்த ஒரு கதைக்கு வருகிறேன். கதை என்றால் நடந்த கதை. தலைமை என்ற பேச்சு வந்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான்.

இங்கிலாந்தில் வின்செஸ்டர் என்ற ஊரில் மிகப் பெரிய தேவாலயம் ஒன்று இருக்கிறது. 1079-ல் தொடங்கிய கட்டடம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் கிழக்குப் பக்கம் அதை நீட்டிக் கட்டினார்கள். அந்த இடம் சதுப்பு நிலம். கீழே கருப்பாக மக்கிய தாவர மண், அதற்கும் கீழேதான் கெட்டியான சரளை. அந்தக் காலத்துக் கொத்தர்கள் மரத்தடிகளைப் படுக்கையாக அடுக்கி, அதன்மேல் சுவரை எழுப்பிவிட்டார்கள். எழுநூறு வருடம் தாங்கியது. 1900-க்குப் பிறகு நிலைமை மோசமானது. சுவர்கள் வெளிப்பக்கம் சாய்ந்தன. கை நுழைகிற அளவுக்கு விரிசல் விழுந்தது. மேலிருந்து கல் துண்டுகள் உதிர ஆரம்பித்தன.

தாமஸ் ஜாக்சன் என்ற கட்டடக்கலைஞரைக் கூப்பிட்டார்கள். பெரிய பெயர் எடுத்தவர். அவர் பார்த்துவிட்டு, அடித்தளத்தைத் தோண்டிச் சரிசெய்ய வேண்டும் என்றார். தோண்டினால் பள்ளத்தில் தண்ணீர் பொங்குகிறது. பம்பு வைத்து இறைத்தால் தண்ணீரோடு மண்ணும் சேர்ந்து வருகிறது. மண் போனால் மேலே சுவருக்கு என்ன ஆகும்? அங்கேதான் ஜாக்சன் செய்த காரியத்தைக் கவனியுங்கள். இது தன் படிப்புக்குள் அடங்கும் வேலை இல்லை என்று, பிரான்சிஸ் ஃபாக்ஸ் என்ற பொறியாளரை அழைத்தார். ஃபாக்ஸ் இன்னும் ஒரு படி மேலே போனார். தண்ணீரை இறைக்கவே வேண்டாம், தண்ணீருக்குள்ளேயே வேலை செய்வோம் என்று சொல்லி, முக்குளிப்பவர் ஒருவரைக் கூட்டிவந்தார். தேவாலயத்துச் சுவருக்கு அடியில் முக்குளிப்பவர்!

அவர் பெயர் வில்லியம் வாக்கர். 1906-லிருந்து 1911 வரை, கனமான முக்குளிப்பு உடையும் செம்புத் தலைக்கவசமும் மாட்டிக்கொண்டு, ஆறு மீட்டர் வரை ஆழமுள்ள பள்ளங்களுக்குள் நாள்தோறும் மணிக்கணக்கில் இறங்கினார். தண்ணீர் கலங்கிக் கருப்பாக இருக்கும். விளக்கு கொண்டுபோனாலும் பயன் இல்லை. கண்ணை நம்பாமல் கையால் தடவித் தடவியே வேலை. மக்கிய மண்ணை வெட்டி எடுப்பார், சரளை வந்ததும் அதன்மேல் கான்கிரீட் மூட்டைகளை வரிசையாக அடுக்குவார். மூட்டைகள் இறுகித் தண்ணீர் அடைபட்ட பிறகு, பள்ளத்தை இறைத்துவிட்டு மற்றத் தொழிலாளர்கள் இறங்கிக் கல்லும் செங்கல்லும் வைத்துச் சுவர் வரைக்கும் கட்டிக்கொண்டு வருவார்கள். ஒரு பள்ளம் முடிந்தால் அடுத்தது. ஒரே நேரத்தில் எல்லா இடத்திலும் தோண்டினால் கட்டடம் இறங்கிவிடும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாக. சுமார் இருபத்தையாயிரம் மூட்டை கான்கிரீட்டும் ஒன்பது லட்சம் செங்கல்லும் உள்ளே போயின என்பது அந்தத் தேவாலயத்தின் கணக்கு. கட்டடம் இன்றைக்கும் நிற்கிறது.

இதற்குப் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். 1964-ல் வாக்கருக்கு அங்கே ஒரு சிலை வைத்தார்கள். திறந்து பார்த்தால் சிலையில் இருந்த முகம் வாக்கருடையது இல்லை, பொறியாளர் ஃபாக்ஸுடைய முகம்! எல்லோரும் சேர்ந்து எடுத்துக்கொண்ட ஒரு புகைப்படத்தைப் பார்த்துச் சிலை செய்தபோது ஆள் மாறிப்போனது என்கிறார்கள். சரியான முகத்தோடு சிலை வைக்க 2001 வரை ஆனது.

இந்தக் கதையை நான் போகிற இடமெல்லாம் சொல்வேன். ஜாக்சன் எதையும் தானே செய்து காட்ட நினைக்கவில்லை, ஃபாக்ஸை அழைத்தார். ஃபாக்ஸ் வாக்கரை அழைத்தார். அந்த இருட்டுப் பள்ளத்தில் கை என்ன சொல்கிறது என்று வாக்கருக்கு மட்டும்தான் தெரியும். மேலே நிற்பவர்கள் அவர் சொன்னதை நம்பி அடுத்த முடிவை எடுத்தார்கள். பழைய கட்டடத்தில் தலைமை என்று நான் சொல்வது இதைத்தான். அறிவு கீழேயிருந்து மேலே வர வேண்டும், அது வருவதற்கு வழி விட்டுவைக்க வேண்டும்.

நடைமுறையில் இது எப்படி இருக்கும்? வேலை நடக்கும் இடத்தில் கூட்டம் போடும்போது கொத்தனாரும் தச்சரும் அந்த வட்டத்துக்குள் நிற்க வேண்டும். அனுபவமுள்ள ஒரு கொத்தனார் விரல் முட்டியால் பூச்சைத் தட்டிப் பார்த்தே, இது சுவரை விட்டுவிட்டது, இது பிடித்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். வரைபடத்தில் அந்தச் சுவர் முழுவதும் கொத்த வேண்டும் என்று இருக்கும். அவர் தட்டிப் பார்த்துப் பாதிச் சுவரைக் காப்பாற்றிவிடுவார். ஆனால் சொன்னால் கேட்பார்கள் என்ற நம்பிக்கை இருந்தால்தான் சொல்வார். தலைவர் ஒருமுறை முகத்தைச் சுளித்தால் போதும், அடுத்தமுறை அவர் வாய் திறக்க மாட்டார், வரைபடத்தில் இருப்பதைக் கொத்திவிட்டுப் போவார். கொத்தனார் பேசுகிறாரா, தலைவர் கேட்கிறாரா என்பதை வைத்தே ஒரு நிறுவனத்தை நான் எடை போட்டுவிடுவேன்.

இன்னொன்று, தெரியாத இடம் வந்தால் மேலே போகாமல் நிறுத்திக்கொள்வது. 1964-ல் வெனிஸ் நகரத்தில் கூடிய கட்டடக்கலைஞர்களும் வல்லுநர்களும் ஒரு சாசனம் எழுதினார்கள். ஊகம் தொடங்கும் இடத்தில் சீரமைப்பு நின்றுவிட வேண்டும் என்று அதில் ஒரு விதி உண்டு. பெர்லினில் நோயஸ் மியூசியம் இரண்டாம் உலகப்போரில் குண்டு விழுந்து பல பத்தாண்டுகள் இடிந்து கிடந்தது. அதை மீட்ட கட்டடக்கலைஞர் டேவிட் சிப்பர்ஃபீல்டு, பழுதுபார்ப்பில் தேர்ந்த ஜூலியன் ஹாரப் என்பவரைத் தன்னோடு சேர்த்துக்கொண்டார். இருந்ததை இருந்தபடி காத்து, இல்லாமல் போன பகுதியைப் பழையது போல நடிக்காத புதுச் சுவரால் நிரப்பினார்கள். 2009-ல் திறந்தார்கள். அங்கே குண்டுக் காயமும் தெரியும், புதுக் கையும் தெரியும். எல்லோருக்கும் அது பிடிக்கவில்லை. பழைய அலங்காரத்தை அப்படியே திரும்பச் செய்திருக்க வேண்டும் என்று பெரிய சண்டையே நடந்தது. எனக்கு அவர்கள் செய்ததுதான் சரி என்று படுகிறது.

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து சைகை வருகிறது. நிறுவனத்தை அடுத்த தலைமுறையிடம் கொடுப்பது பற்றி விரிவாகப் பேச வேண்டும் என்று எழுதிக்கொண்டு வந்தேன். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கட்டடம் எல்லாத் தலைவர்களையும்விட அதிக நாள் இருக்கப்போகிறது. எனவே எதைத் தொட்டோம், ஏன் தொட்டோம், எந்தச் சாந்து, எங்கேயிருந்து வந்த கல் என்று எழுதிவைக்க வேண்டும். பாரீஸ் நோத்ருதாம் தேவாலயத்தின் கூரை 2019 ஏப்ரலில் எரிந்தது. அந்தக் கூரையின் மரச்சட்டத்தை ரெமி ஃப்ரோமோன், செத்ரிக் த்ரோந்தஸோ என்ற இரண்டு கட்டடக்கலைஞர்கள் 2014-லேயே அளந்து வரைந்து வைத்திருந்தார்கள். தீப்பிடிக்கும் என்று நினைத்து அளக்கவில்லை. ஆனால் 2024 டிசம்பரில் தேவாலயம் மறுபடி திறந்தபோது மேலே நின்ற சட்டத்துக்கு அந்த வரைபடங்கள் உதவின.

அதனால் உங்களில் யாராவது ஒரு பழைய கட்டடத்தை ஒரு நிறுவனத்திடம் ஒப்படைக்கும் நிலையில் இருந்தால், திறப்பு விழாப் படங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பத்து வருடத்துக்கு முன்னால் முடித்த ஒரு வேலையின் கோப்பைக் காட்டச் சொல்லுங்கள். அந்த வேலையைப் பார்த்த கொத்தனாரின் பெயர் அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.