நூறு சைக்கிள் எண்ணினால் போதும்

பெரியவர்களே, தாய்மார்களே, தம்பி தங்கைகளே, வணக்கம்.

"சைக்கிள் பாதையை அகற்றலாமா" என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். அழைப்பிதழைப் பார்த்த நண்பர் ஒருவர் கேட்டார்: "சேலத்தில் சைக்கிள் பாதை எங்கே இருக்கிறது, அகற்றுவதற்கு?" நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லத்தான் வந்திருக்கிறேன். கொஞ்சம் சுற்றி வரவேண்டும், கனடா வரைக்கும்.

டொராண்டோ நகரத்தில் புளூர், யங், யுனிவர்சிட்டி அவென்யூ என்று மூன்று சாலைகள். நம் ஓமலூர் ரோடு மாதிரி எந்நேரமும் வண்டிகள் நிற்கும் சாலைகள். புளூர் தெருவில் 2016-இல் சோதனை முறையில் சைக்கிளுக்குத் தனிப்பாதை போட்டார்கள். வண்டி நிறுத்த இடமில்லாமல் வியாபாரம் படுத்துவிடும் என்று கடைக்காரர்கள் பயந்தார்கள். ஆய்வு செய்து பார்த்தால், வாடிக்கையாளர் வருகையும் கூடியிருந்தது, அவர்கள் செலவழித்த பணமும் கூடியிருந்தது. அடுத்த வருஷமே பாதையை நிரந்தரமாக்கினார்கள்.

அப்புறம் 2024 நவம்பரில், டொராண்டோ இருக்கிற ஒண்டாரியோ மாகாணத்தின் அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. முதல்வர் டக் ஃபோர்டு. இந்த மூன்று சாலைகளிலும் சைக்கிள் பாதையைப் பிடுங்கிவிட்டு, அந்த இடத்தைக் கார்களுக்குக் கொடுப்பதாக முடிவு. நெரிசல் குறையும் என்றார்கள். பிடுங்குவதற்கு மட்டும் 4 கோடியே 80 லட்சம் டாலர் ஆகும் என்று நகர நிர்வாகம் கணக்குக் கொடுத்தது. மாகாண அரசு அந்தக் கணக்கை ஏற்கவில்லை. என்னை உறுத்திய விஷயம் பணம் இல்லை. அதே சட்டத்தில் இன்னொரு பிரிவையும் சேர்த்தார்கள்: பாதையை எடுத்த பிறகு யாராவது அடிபட்டாலோ செத்தாலோ, அரசின் மேல் வழக்குப் போட முடியாது. அடிபடுவார்கள் என்று தெரியாமலா இப்படி எழுதி வைப்பார்கள்?

சைக்கிள் ஓட்டுகிறவர்களின் சங்கம் ஒன்றும், தினம் அந்தச் சாலையில் ஓட்டுகிற இரண்டு பேரும் கோர்ட்டுக்குப் போனார்கள். 2025 ஜூலை 30 அன்று நீதிபதி பால் ஷாபஸ் தீர்ப்புச் சொன்னார். பாதையை எடுத்தால் ஆட்கள் காயப்படுவதும் சாவதும் கூடும். நெரிசல் குறையும் என்பதற்குச் சரியான ஆதாரம் இல்லை. அரசுக்கு அதன் சொந்த நிபுணர்களே அதைச் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே இது உயிர் வாழும் உரிமைக்கு விரோதம் என்றார். அரசு மேல்முறையீட்டுக்குப் போனது.

இதில் ஒரு நுணுக்கத்தைக் கவனிக்கவேண்டும். அரசு எல்லாத் தெருவிலும் சைக்கிள் பாதை போட்டே ஆகவேண்டும் என்று அந்த நீதிபதி சொல்லவில்லை. ஏற்கெனவே கொடுத்த பாதுகாப்பைக் காரணம் இல்லாமல் பிடுங்கக்கூடாது என்பதுதான் தீர்ப்பு. இருப்பதை எடுக்க வந்தார்கள், அதனால் எதிர்க்க வழி கிடைத்தது. நமக்கு?

என் அப்பா இங்கே சேலத்தில் குகைப் பகுதியில் சைக்கிள் கடை வைத்திருந்தார். பஞ்சர், ஓவராயில், மணிக்கணக்கு வாடகை. நான் குரங்குப் பெடல் அடித்துப் பழகியது அந்த வாடகை சைக்கிளில்தான். சக்கரத்தில் கோட்டம் எடுப்பதில் அப்பா கெட்டிக்காரர். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, சக்கரத்தைச் சுற்றிவிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். எந்த ஸ்போக்ஸ் தளர்ந்திருக்கிறது என்று விரலால் தட்டி, சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். அம்மாபேட்டையிலிருந்து தறிக்காரர்கள் எல்லாம் தேடி வருவார்கள். பாவும் நூலும் கேரியரில் ஏற்றுகிற வண்டிக்குப் பின்சக்கரம் சீக்கிரம் கோணிவிடும்.

தினமும் கடைக்குச் சாலையோரத்து மண்ணில்தான் ஓட்டிப் போவார். தாருக்கும் சாக்கடைக்கும் நடுவில் மூன்று நான்கு அடி மண் இருந்தது. அதற்கு யாரும் பெயர் வைக்கவில்லை, கோடு போடவில்லை. ஆனால் சைக்கிள், தள்ளுவண்டி, நடக்கிற ஜனம் எல்லாம் அதில்தான் போனது. ஒரு வருஷம் சாலையை அகலப்படுத்தினார்கள். தார் சாக்கடைச் சுவர் வரைக்கும் வந்துவிட்டது. அதற்கு இரண்டு மாதம் கழித்து, பின்னால் வந்த வண்டி ஒன்று உரச, அப்பா சாக்கடை ஓரத்தில் விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்தது. எலும்பு சேர்ந்தது, ஆனால் ஸ்போக்ஸ் சாவியைத் திருகுகிற பலம் அந்தக் கைக்குத் திரும்பி வரவில்லை. கடையையும் மூடிவிட்டோம்.

டொராண்டோவில் சைக்கிள் பாதையைப் பிடுங்கச் சட்டசபை கூடவேண்டியிருந்தது. இங்கே நான்கு லோடு தார் போதுமாக இருந்தது. என் நண்பருடைய கேள்விக்கு இதுதான் பதில். நம் ஊரிலும் சைக்கிள் பாதை இருந்தது. அதை எடுத்தும் ஆயிற்று.

சைக்கிள் ஓட்டுகிறவர்கள் இப்போது யார் இருக்கிறார்கள் என்று கேட்பீர்கள். போன வாரம் காலை எட்டரை மணிக்கு ஐந்து ரோடு சந்திப்பில், மேம்பாலத் தூணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். பள்ளிச் சீருடையில் ஒரு பெண் அரசாங்க சைக்கிளில் வந்தாள். சாப்பாட்டுப் பை ஹேண்டில்பாரில் ஆடிக்கொண்டிருந்தது. சிக்னலில் இடது காலை ஓரக்கல்லின் மேல் ஊன்றி நின்றாள். பின்னால் பஸ் ஹாரன் அடித்தது. அந்தப் பெண் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இறங்கி, சைக்கிளையே தூக்கிக் கல்லின் மேல் வைத்துவிட்டாள்.

"பச்சை விழுந்ததும் ஓட்டிக்கிட்டுப் போக மாட்டியா கண்ணு?" என்று கேட்டேன்.

"இல்லைங்க தாத்தா, இந்த இடத்துல தள்ளிக்கிட்டுத்தான் போவேன். அம்மா சத்தியம் வாங்கியிருக்காங்க."

அந்த சைக்கிள் நம் அரசு கொடுத்தது. 2001-இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கி, 2005-இல் அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளி பிளஸ் ஒன் பிள்ளைகள் எல்லோருக்கும் விரிந்த திட்டம். அதற்கும் பத்து வருஷம் முன்பே புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தின்போது, சேலை கட்டிய பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகிய மாநிலம் இது. வண்டி கொடுக்கத் தெரிந்த நமக்கு அது ஓட ஆறடி இடம் கொடுக்கத் தோன்றவில்லை. அந்தப் பெண் நின்ற இடத்துக்கு மேலே போகிறது 441 கோடி ரூபாய் ஈரடுக்கு மேம்பாலம். அது வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, நானும் அதில் போகிறேன். அதன் அடியில் தூணுக்கும் கடைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்களைப் பற்றிப் பேசுகிறேன்.

"இடம் எங்கே இருக்கிறது?" என்பார்கள். ஒரு மணி நேரத்தில், கார்கள் ஓடும் ஒரு தடத்தில் 600 முதல் 1,600 பேர் வரை போகலாம். அதே அகலத்தைத் தடுப்பு வைத்து சைக்கிளுக்குக் கொடுத்தால் 7,500 பேர் போகலாம் என்று அமெரிக்க நகரப் போக்குவரத்து அதிகாரிகளின் கூட்டமைப்பு கணக்குச் சொல்கிறது. தடுப்பு என்ற சொல்லைக் கவனியுங்கள். டெல்லியில் 2008-இல் திறந்த பஸ் வழித்தடத்தில் சைக்கிளுக்கும் பாதை இருந்தது, அதில் மோட்டார் சைக்கிள்கள் புகுந்தன. 2016-இல் மொத்த வழித்தடத்தையே கலைத்தார்கள். வெறும் பெயிண்ட் கோடு நமக்கு உதவாது. கல் வேண்டும், இரும்புக் கம்பம் வேண்டும்.

இது ஏதோ வெளிநாட்டு ஆசை என்று நினைக்கவேண்டாம். நம் நாட்டில் சாலைகளுக்கு விதி எழுதும் இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ், சைக்கிள் பாதைக்கான விதியை 1962-லேயே வெளியிட்டது. பாதைக்குக் குறைந்தது 2 மீட்டர் அகலம் என்று அதில் இருந்தது. எப்போது போடவேண்டும் என்பதற்கும் அதில் கணக்குச் சொல்லியிருந்தார்கள். ஒரு சாலையில் மணிக்கு 200 மோட்டார் வண்டிக்கு மேல் போனால், உச்ச நேரத்தில் மணிக்கு 100 சைக்கிள் போனாலே தனிப்பாதை நியாயம்.

ஐந்து ரோட்டில் 200 மோட்டார் வண்டிகள் கடக்க எத்தனை நிமிஷம் ஆகும் என்று உங்களுக்கே தெரியும். மிச்சம் இருப்பது அந்த நூறு சைக்கிளை எண்ணுவது. மாநகராட்சிக்கும் நெடுஞ்சாலைத் துறைக்கும் மனு எழுதி வைத்திருக்கிறேன், எண்ணிக்கை எழுதவேண்டிய இடம் மட்டும் காலியாக இருக்கிறது.

வரும் திங்கள்கிழமை காலை எட்டிலிருந்து ஒன்பது வரை எண்ணலாம். சாரதா கல்லூரி ரோட்டுப் பக்கம் ஒருவர், ஓமலூர் ரோட்டுப் பக்கம் ஒருவர் என்று ஒவ்வொரு சாலைக்கும் ஆள் வேண்டும். தள்ளிக்கொண்டு போகிறவர்களையும் சேர்த்து எண்ணுங்கள். ஏழே முக்காலுக்கு ஐந்து ரோட்டில் மேம்பாலத்துக்கு அடியில் நிற்பேன். நோட்டு நான் கொண்டுவருகிறேன், பேனா மட்டும் எடுத்து வாருங்கள்.