சாவிக்குள் இருக்கும் பழைய ஒலி

எல்லோருக்கும் வணக்கம். கதவோரம் நிற்கிறவர்கள் முன்னால் வாருங்கள், பாயில் இடம் இருக்கிறது.

என் கையில் இருப்பது எங்கள் வீட்டு பீரோ சாவி. பிடியில் துரு ஏறிவிட்டது, பல்லும் தேய்ந்துவிட்டது. இதைச் 'சாவி' என்று சொல்லும்போது நம் வாயில் வருவது ஒரு போர்த்துக்கீசியச் சொல். அந்த மொழியில் எழுத்துக்கூட்டினால் சே, அகா, ஆ, வே, எ என்று ஐந்து எழுத்து. பெண்பால் பெயர்ச்சொல். பன்மைக்குக் கடைசியில் ஒரு 'ஸ்' சேர்த்தால் போதும்.

சரி, எப்படிச் சொல்வது? லிஸ்பனில் 'ஷாவ்' என்றுதான் காதில் விழும். கடைசி 'எ' வாய்க்குள்ளேயே கரைந்துவிடும். பிரேசிலில் அதே 'எ' இகரமாகி, 'ஷாவி' என்பார்கள். இரண்டு இடத்திலும் முதல் ஒலி ஷ. அப்படியானால் நம் 'சாவி'யில், 'பச்சை'யில் வருகிற அந்த அழுத்தமான ச எங்கிருந்து வந்தது?

தமிழில் ஷகரத்தையும் ச போட்டுத்தானே எழுதுகிறோம், அதனால் மாறியிருக்கும் என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் மராத்தியிலும் இந்தியிலும் ஷகரத்துக்குத் தனி எழுத்து உண்டு. அங்கேயும் இந்தச் சொல் வல்லோசைச் சகரத்தோடுதான் நிற்கிறது. மராத்தியில் சாவி, இந்தியில் சாபி. இத்தனை மொழிக்காரர்களும் சேர்ந்து தப்பாகக் கேட்டிருக்க முடியாது.

கேட்டது சரிதான். 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்த காலத்தில், சேயும் அகாவும் சேர்ந்தால் போர்த்துக்கீசியத்தில் வல்லோசை ச. ஷ ஒலிக்கு வேறு எழுத்து இருந்தது. அப்புறம்தான் லிஸ்பன் பக்கத்துப் பேச்சில் இரண்டும் ஒன்றாகி, எல்லாம் ஷ ஆனது. எழுத்து மட்டும் பழையபடியே நின்றுவிட்டது.

இதற்கு நம் பக்கத்திலேயே ஒரு சாட்சி உண்டு. அது சுருட்டு. நம்மிடமிருந்து போன இந்தச் சொல்லை அவர்கள் சே, அகா போட்டே எழுதினார்கள். அன்றைக்கு அவர்கள் வாயில் அது 'சருட்டு' மாதிரி வல்லோசையோடு இருந்திருக்கும். இன்றைக்கு லிஸ்பனில் கேட்டால் 'ஷருட்டு'. இங்கிருந்து போன சொல்லும் அங்கிருந்து வந்த சொல்லும் ஒரே எழுத்தில் சந்தித்தன. அவர்கள் ஒலியை மாற்றிக்கொண்டார்கள், நாம் மாற்றவில்லை. இதை முதன்முதலில் புரிந்துகொண்ட அன்று எனக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை.

போர்த்துக்கீசியச் சாவிக்கும் பின்னால் போனால் லத்தீன் மொழியின் 'க்ளாவிஸ்'. இத்தாலியில் 'கியாவெ', ஸ்பெயினில் 'யாவெ', பிரான்சில் 'க்லே'. போர்த்துக்கீசியத்தில் ஒரு வழக்கம்: லத்தீன் சொல்லின் தொடக்கத்தில் க்ல, ப்ல, ஃப்ல இருந்தால் பல இடங்களில் சகரமாகிவிடும். மழைக்கு லத்தீனில் 'ப்ளூவியா'. அது அங்கே 'சூவா' ஆனது, இன்று 'ஷூவா'.

பழைய ஒலி போர்ச்சுகலிலேயே அழிந்துவிடவில்லை. வடக்கே, மலைப்பக்கத்துக் கிராமங்களில் வயதானவர்கள் இன்னும் வல்லோசைச் சகரத்தோடு பேசுவதைக் கேட்கலாம். தலைநகரத்துக் காதுக்கு அது நாட்டுப்புறப் பேச்சு. உண்மையில் அதுதான் மூத்த உச்சரிப்பு.

அந்த வடக்கில், ஸ்பெயின் எல்லைக்குப் பக்கத்தில், 'ஷாவெஸ்' என்றே ஓர் ஊர் இருக்கிறது. எழுத்தைப் பார்த்தால் 'சாவிகள்' என்றுதான் பொருள் வரும். ஆனால் ஊர்ப்பெயருக்கும் சாவிக்கும் சம்பந்தம் இல்லை. அங்கே வெந்நீர் ஊற்றுகள் உண்டு. ரோமானியர்கள் ஃப்ளாவியர் குலத்துப் பேரரசர் வெஸ்பாசியன் காலத்தில் அந்த ஊருக்கு 'அக்வே ஃப்ளாவியே', அதாவது ஃப்ளாவியரின் நீர் என்று பெயர் வைத்தார்கள். அந்த 'ஃப்ல'தான் சகரமாகி ஊர்ப்பெயராக நிற்கிறது.

நமக்கும் இப்படி ஒரு கண்ணி இருக்கிறது. நெல் மணி பிடிக்காமல் வெறும் பதராக நின்றால் விவசாயி "பயிர் சாவியாப் போச்சு" என்பார். கருகிய பயிரையும் அப்படித்தான் சொல்வார்கள். அந்தச் சாவி நம்முடையது. கப்பலில் வந்ததல்ல.

போர்த்துக்கீசியத்தில் இந்தச் சொல்லின் பொருளும் கதவோடு நிற்கவில்லை. திருப்புளி அங்கே ஒரு சாவி, ஸ்பானரும் ஒரு சாவி. கணக்கில் போடும் நெளிவு அடைப்புக்குறிகளையும் 'சாவிகள்' என்றே சொல்கிறார்கள். பிரேசிலில் 2020 நவம்பரில் மத்திய வங்கி 'பிக்ஸ்' என்று உடனடிப் பணப் பரிமாற்றம் கொண்டுவந்தது, நம் யூபிஐ மாதிரி. அதில் பணம் வாங்க நீங்கள் கொடுக்கும் போன் நம்பருக்கோ மின்னஞ்சலுக்கோ பெயர் 'பிக்ஸ் சாவி'. கடைக்காரர் அட்டையில் எழுதியே மாட்டிவைத்திருப்பார்.

முன்வரிசையில் ஓர் அம்மா கேட்கிறார், சாவி வருவதற்கு முன்னால் நாம் என்ன சொன்னோம் என்று. திறவுகோல் என்றோம், அம்மா. தமிழ் பைபிளில் பேதுருவுக்குக் கொடுக்கப்படுவதும் திறவுகோல்கள்தான். யாழ்ப்பாணத்தில் இன்றைக்கும் 'திறப்பு' என்பார்கள். இத்தனைக்கும் போர்த்துக்கீசியர் அங்கே 1619 முதல் 1658 வரை நேரடியாக ஆண்டவர்கள். யன்னலும் அலுமாரியும் அவர்கள் மொழியிலிருந்து அந்த வீடுகளுக்குள் வந்துவிட்டன. அந்த அலுமாரியைத் திறக்கக் கேட்பது மட்டும் இன்னும் திறப்புத்தான்.