கீழே விழுந்தவர்கள் எழுந்தபிறகு என்ன ஆனார்கள்? ஆரம்பகால மெதடிஸ்ட் எழுப்புதலின் கதை

[திரையில்: இங்கிலாந்து, பிரிஸ்டல். மே 1739]

வணக்கம். பிரிஸ்டல் நகரத்தில் ஜான் ஹேடன் என்று ஒரு நெசவாளர் இருந்தார். தவறாமல் கோவிலுக்குப் போகிறவர். ஒழுக்கமானவர் என்று பேர் எடுத்தவர். அப்போது ஊரெல்லாம் ஒரே பேச்சு: ஜான் வெஸ்லி என்ற குருவானவர் பேசுகிற கூட்டங்களில் ஆட்கள் அலறுகிறார்கள், தரையில் விழுந்து துடிக்கிறார்கள் என்று. ஹேடன் நேரில் போய்ப் பார்த்தார். இது பிசாசின் ஏமாற்று வேலை என்று முடிவுகட்டினார். அன்று இரவு ஒரு மணி வரைக்கும் தெரிந்தவர்களிடமெல்லாம் போய், அந்தப் பக்கம் போகாதீர்கள் என்று எடுத்துச் சொல்லிவிட்டு வந்தார்.

விடிந்து மதியம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவர், இரவல் வாங்கி வைத்திருந்த ஒரு பிரசங்கத்தை முதலில் படித்து முடித்துவிடலாம் என்று கையில் எடுத்தார். விசுவாசத்தினாலே வரும் இரட்சிப்பைப் பற்றிய பிரசங்கம் அது. கடைசிப் பக்கம் வந்தபோது முகத்தின் நிறம் மாறியது. நாற்காலியிலிருந்து கீழே விழுந்து, தரையில் மோதிக்கொண்டு கத்த ஆரம்பித்தார்.

ஹேடனுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று வெஸ்லிக்குச் சேதி போனது. அவர் வந்து பார்த்தால் வீடு நிறைய ஆட்கள். இரண்டு மூன்று பேர் ஹேடனை அமுக்கிப் பிடித்திருந்தார்கள். மனைவி யாரையும் உள்ளே விடாமல் தடுக்கப் பார்த்தார். ஹேடனோ, எல்லாரும் வரட்டும், கடவுளின் நியாயத்தீர்ப்பை உலகமே பார்க்கட்டும் என்றார். வெஸ்லியைக் கண்டதும் கையை நீட்டி, ஜனங்களை ஏமாற்றுகிறவர் என்று நான் சொன்னது இவரைத்தான், எல்லாமே ஏமாற்று என்றேன், இது ஏமாற்று இல்லை என்று கத்தினார். எல்லாரும் ஜெபித்தார்கள். துடிப்பு அடங்கியது. சாயங்காலம் வெஸ்லி மறுபடி போனபோது ஹேடனுக்குக் குரலே இல்லை. உடம்பில் பச்சைக் குழந்தையின் பலம்தான் இருந்தது. ஆனால் மனதில் சமாதானம் இருந்தது என்று வெஸ்லி தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார்.

இதைக் கேட்டதும் சிலர் ஆவியானவரின் வல்லமை என்பார்கள். சிலர் கூட்டத்தில் தொற்றிக்கொள்ளும் வெறி என்பார்கள். அன்றைக்கும் இதே இரண்டு பதில்கள்தான். ஆனால் அந்த ஆண்டுகளைப் பற்றிப் படிக்கப் படிக்க, எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. விழுந்தவர் எழுந்து வீட்டுக்குப் போன பிறகு, அடுத்த வாரம் அவர் எப்படி இருக்கிறார் என்று யார் விசாரித்தார்கள்?

[வரைபடம்: அட்லாண்டிக் கடல், ஜனவரி 1736]

கொஞ்சம் பின்னால் போவோம். வெஸ்லி 1703இல் எப்வொர்த் என்ற ஊரில், இங்கிலாந்துத் திருச்சபையான ஆங்கிலிக்கன் சபையின் குருவானவர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். ஆக்ஸ்போர்டில் படித்து, தானும் குருப்பட்டம் பெற்றவர். அவரும் தம்பி சார்லஸும் சில நண்பர்களும் சேர்ந்து உபவாசம், வேதவாசிப்பு, சிறைக் கைதிகளைச் சந்திப்பது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை வைத்து வாழ்ந்தார்கள். அதைக் கேலி செய்து மற்ற மாணவர்கள் வைத்த பெயர்களில் ஒன்றுதான் மெதடிஸ்ட்.

1735இல் அமெரிக்காவின் ஜார்ஜியாவுக்கு ஊழியம் செய்யக் கப்பலேறினார். நடுக்கடலில் புயல். அதே கப்பலில் வந்த, மொரேவியர்கள் என்ற ஜெர்மானியக் கிறிஸ்தவக் குழுவினர் ஆராதனையில் சங்கீதம் பாடிக்கொண்டிருந்தபோது, ஒரு பேரலை பெரிய பாயைக் கிழித்துப்போட்டு, தளங்களுக்கு நடுவே தண்ணீரைக் கொட்டியது. ஆங்கிலேயர்கள் அலறினார்கள். மொரேவியர்கள் பாட்டை நிறுத்தவில்லை. பிற்பாடு அவர்களில் ஒருவரிடம் வெஸ்லி கேட்டார், பயமாக இல்லையா என்று. தேவனுக்கு ஸ்தோத்திரம், இல்லை என்றார் அவர். சரி, உங்கள் பெண்களும் பிள்ளைகளும்? எங்கள் பெண்களும் பிள்ளைகளும் சாகப் பயப்படுவதில்லை.

சாவுக்குப் பயந்த குருவானவருக்கு இந்தப் பதில் உள்ளே தைத்துவிட்டது. ஜார்ஜியாவில் இறங்கியதும் ஸ்பாங்கன்பெர்க் என்ற மொரேவியத் தலைவர் இன்னொரு கேள்வி கேட்டார்: இயேசு கிறிஸ்துவை உமக்குத் தெரியுமா? அவர் உலக இரட்சகர் என்று தெரியும் என்றார் வெஸ்லி. அது சரி, உம்மை இரட்சித்தார் என்று தெரியுமா? வெஸ்லி எதையோ சொல்லிச் சமாளித்தார். ஆனால் அவை வெறும் வார்த்தைகளாக இருக்குமோ என்று அஞ்சியதாக அவரே எழுதி வைத்தார். ஜார்ஜியா ஊழியம் தோல்வியில் முடிந்தது. 1738 தொடக்கத்தில் லண்டன் திரும்பினார்.

[திரையில்: லண்டன், ஆல்டர்ஸ்கேட் தெரு. 1738 மே 24]

மூன்று நாட்களுக்கு முன்புதான், பெந்தெகொஸ்தே ஞாயிறன்று, தம்பி சார்லஸுக்கு விசுவாச நிச்சயம் கிடைத்திருந்தது. அண்ணனுக்கு இல்லை. 24ஆம் தேதி மதியம் புனித பவுல் பேராலயத்தில் அவர் கேட்ட பாடல் 130ஆம் சங்கீதம், 'ஆழங்களிலிருந்து உம்மை நோக்கிக் கூப்பிடுகிறேன்'. சாயங்காலம் மனமே இல்லாமல்தான் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த ஒரு சிறு கூட்டத்துக்குப் போனார். ரோமர் நிருபத்துக்கு மார்ட்டின் லூதர் எழுதிய முன்னுரையை யாரோ வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஒன்பது மணிக்குக் கால் மணி நேரம் இருக்கும்போது, தன் இருதயம் விசித்திரமாக அனல்கொண்டதாக உணர்ந்தார். கிறிஸ்து தன் பாவங்களை, தன்னுடைய பாவங்களையே, நீக்கிவிட்டார் என்ற நிச்சயம் வந்தது.

உலகமெங்கும் மெதடிஸ்டுகள் இன்றும் மே 24ஐ நினைவுகூருகிறார்கள். ஆனால் நாட்குறிப்பின் அதே பக்கத்தில் அடுத்து வருவதைப் பெரும்பாலும் யாரும் சொல்வதில்லை. கொஞ்ச நேரத்திலேயே ஒரு எண்ணம் வந்து கேட்டதாம்: இது விசுவாசமாக இருக்க முடியாது, சந்தோஷம் எங்கே? வீட்டுக்குப் போனபிறகும் சோதனைகள் விடவில்லை. அப்புறம் 1739 ஜனவரியில், அதாவது ஏழே மாதத்தில், நான் இப்போது கிறிஸ்தவன் இல்லை என்று உறுதியாகச் சொல்கிறேன் என்று எழுதுகிறார். தன் சாட்சியைப் பளபளப்பாக்கிக் காட்ட அவருக்கு எல்லா வசதியும் இருந்தது. செய்யவில்லை. எனக்கு வெஸ்லியைப் பிடிப்பதற்கு முதல் காரணம் இந்த நேர்மைதான்.

[காட்சி: நிலக்கரிச் சுரங்கம், கிங்ஸ்வுட்]

எழுப்புதல், அதாவது கூட்டம் கூட்டமாக ஜனங்களின் பக்தி விழித்தெழுந்தது, வெடித்தது கோவிலுக்கு வெளியே. பிரிஸ்டலை ஒட்டிய கிங்ஸ்வுட்டில் நிலக்கரி வெட்டுகிறவர்கள் வாழ்ந்தார்கள். 1739 பிப்ரவரியில், வெஸ்லியின் நண்பர் ஜார்ஜ் விட்ஃபீல்ட் அங்கே வெட்டவெளியில் நின்று பேசினார். முதல் நாள் சுமார் 200 பேர். சில வாரங்களில் ஆயிரக்கணக்கில். கரி படிந்த கன்னங்களில் கண்ணீர் வெள்ளைக் கோடுகளாக இறங்கியதை விட்ஃபீல்ட் எழுதி வைத்திருக்கிறார். வெஸ்லிக்கோ, கோவிலுக்கு வெளியே ஆத்துமாக்களை இரட்சிப்பதே கிட்டத்தட்டப் பாவம் என்று தோன்றுகிற அளவுக்கு முறைமைப் பற்று. அப்படிப்பட்டவர் ஏப்ரல் 2ஆம் தேதி மாலை நான்கு மணிக்கு ஒரு மேட்டில் ஏறி நின்று, சுமார் 3,000 பேருக்குப் பிரசங்கம் செய்தார். எடுத்த வசனம், தரித்திரருக்குச் சுவிசேஷம் சொல்ல அபிஷேகம் பெற்றதைப் பற்றிய லூக்கா 4:18.

அதற்குப் பிறகுதான் அலறலும் விழுதலும் தொடங்கின. எதிர்ப்பும் வந்தது. பிரிஸ்டல் பிஷப் ஜோசப் பட்லர் வெஸ்லியை நேரில் வைத்தே, பரிசுத்த ஆவியின் அசாதாரண வரங்களும் வெளிப்பாடுகளும் தங்களுக்கு உண்டென்று சொல்லிக்கொள்வது மிகப் பயங்கரமான காரியம் என்றார். மூத்த அண்ணன் சாமுவேலும் கண்டித்துக் கடிதம் எழுதினார். அண்ணனுக்கு வெஸ்லி எழுதிய பதிலை நிறுத்தி நிதானமாகப் படிக்க வேண்டும். கண்ணீரையும் வலிப்பையும் கூச்சலையும் வைத்து நான் முடிவு செய்வதில்லை, அவர்களுடைய முழு வாழ்க்கையையும் வைத்துத்தான் என்கிறார். அதுவரை சிங்கமாக இருந்து இப்போது ஆட்டுக்குட்டியாக இருப்பவனைக் காட்டுகிறேன், குடிகாரனாக இருந்து இப்போது தெளிந்தவனாக இருப்பவனைக் காட்டுகிறேன் என்கிறார்.

தம்பி சார்லஸ் இந்த விஷயத்தில் இன்னும் கறார். 1743இல் நியூகாசில் நகரத்தில் முதல் இரவு அவர் பேசியதில் பாதி வார்த்தைகள் கூச்சலில் அமுங்கிவிட்டன. பிறகு ஒரு நாள் ஆரம்பிக்கும் முன்பே அறிவித்துவிட்டார்: என் குரல் கேட்காதபடி கத்துகிறவர்களை, யாரும் குற்றம் சொல்லாமல், மெதுவாகத் தூக்கி அறையின் கடைசி மூலைக்குக் கொண்டுபோவார்கள். அன்று இரவு முழுக்கத் தூக்குகிறவர்களுக்கு வேலையே இல்லை. இன்னொரு சமயம், கைகால் செயலற்றுப் போன ஒரு பெண்ணை வெளியே வாசலில் கிடத்திவிட்டு வந்தார்கள். தனியே விட்டதும் அவள் எழுந்து நடந்து போய்விட்டாள்.

அதற்காக எல்லாமே நடிப்பு என்று இருவரும் சொல்லவில்லை. 1759இல் எவர்டன் என்ற கிராமத்தில் ஜான் பெரிட்ஜ் என்ற குருவானவரின் ஊழியத்தில் இதே மாதிரி பெரிய அசைவு உண்டானது. அதைப் பார்த்துவிட்டு ஜான் வெஸ்லி எழுதியது: இவற்றுக்கு அதிக மதிப்புக் கொடுப்பதும் ஆபத்து, இவற்றில் தேவனுடைய கரமே இல்லை என்று தள்ளுவதும் ஆபத்து, போகப் போக சிலரிடம் கிருபையோடு மனித சுபாவமும் கலந்தது, சாத்தானும் போலி செய்தான். இந்த இரண்டு பக்கமும் பார்க்கிற நிதானம் அவருக்குத் தேவைப்பட்டது. ஏனென்றால் 1763 பிப்ரவரி 28ஆம் தேதி உலகம் முடியும் என்று ஜார்ஜ் பெல் என்ற, வெஸ்லி தன்னைப் பின்பற்றியவர்களைச் சேர்த்து நடத்திய சங்கத்து ஆளே தீர்க்கதரிசனம் சொன்னார். வெஸ்லி பகிரங்கமாக மறுத்தும், அன்று இரவு பலர் படுக்கைக்குப் போகப் பயந்தார்கள், சிலர் வயல்வெளியில் அலைந்தார்கள்.

[திரையில்: பிரிஸ்டல், 1742 பிப்ரவரி 15]

இப்போது நான் முதலில் கேட்ட கேள்விக்கு வருகிறேன். அதன் விடை ஒரு கடன் பாக்கியிலிருந்து பிறந்தது. பிரிஸ்டலில் கட்டிய கூட்ட அறைக்குக் கடன் இருந்தது. எப்படி அடைப்பது என்று பேசக் கூடினார்கள். ஃபாய் என்ற மாலுமி, ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுக்கலாம் என்றார். பல பேர் ஏழைகள், கொடுக்க முடியாதே என்றார் ஒருவர். அப்படியானால் இருப்பதிலேயே ஏழைகளாகப் பதினோரு பேரை என் பொறுப்பில் விடுங்கள், வாரா வாரம் நான் போய்ப் பார்க்கிறேன், அவர்களால் முடியாவிட்டால் அவர்களுக்கும் சேர்த்து நானே போடுகிறேன் என்றார் ஃபாய்.

அப்படியே பன்னிரண்டு பன்னிரண்டு பேராகப் பிரித்தார்கள். காசு வாங்கப் போனவர்கள் திரும்பி வந்து வேறு சேதி சொன்னார்கள்: ஒருவர் வீட்டில் சண்டை, இன்னொருவர் குடித்திருந்தார். இத்தனை நாளாக நமக்கு இல்லாமல் இருந்தது இதுதான் என்று வெஸ்லிக்கு உறைத்தது. பென்னி வசூலித்தவர்கள் ஆத்துமாவை விசாரிக்கிறவர்கள் ஆனார்கள். வீட்டு வேலை செய்தவர்களைத் தனியே சந்திக்க எஜமானர்கள் விடவில்லை என்பது போன்ற தொல்லைகள் வந்ததால், பிறகு பன்னிரண்டு பேரும் வாரம் ஒரு நாள் ஓரிடத்தில் கூடினார்கள். வகுப்புக் கூட்டம் என்பது அதுதான். நடத்தியவர்களில் சாதாரணத் தொழிலாளிகள் உண்டு, பெண்கள் உண்டு. உன் ஆத்துமா எப்படி இருக்கிறது என்று ஒரு மனிதர் இன்னொருவரை வாரா வாரம் முகத்துக்கு நேராகக் கேட்டார். கூட்டத்தில் அழுதவரும் பதில் சொல்ல வேண்டும், அழாதவரும் பதில் சொல்ல வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 1743இல் வெளியான பொது விதிகளின்படி, மெதடிஸ்ட் சங்கத்தில் சேருவதற்குத் தேவைப்பட்டது கடவுளின் வருங்கோபத்துக்குத் தப்பி, பாவத்திலிருந்து இரட்சிக்கப்பட வேண்டும் என்ற வாஞ்சை மட்டும்தான். விழுந்திருக்க வேண்டாம், அனல் உணர்ந்திருக்க வேண்டாம். ஆனால் தொடர்ந்து இருக்க வேண்டுமானால், தீமை செய்யாமல், நன்மை செய்து, ஆராதனையும் ஜெபமும் விடாமல் வாழ வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை உறுப்பினர் சீட்டு. ஒழுங்காக நடக்காதவருக்குச் சீட்டு கிடையாது.

அதே 1743 மார்ச்சில் நியூகாசிலில் 64 பேரை நீக்கினார்கள். காரணங்களை வெஸ்லி பட்டியலாகவே எழுதியிருக்கிறார்: குடிவெறிக்கு 17 பேர், சாராயம் விற்றதற்கு 2 பேர், பொய்யே பழக்கமானதற்கு 3 பேர், மனைவியை அடித்ததற்கு ஒருவர். அக்கறையில்லாமல் ஏனோதானோ என்று இருந்ததற்குத்தான் அதிகம், 29 பேர். எழுப்புதலின் உச்சத்தில் இருந்த ஒரு ஊரில், மனைவியை அடித்தவருக்கு இடமில்லை என்று சொன்ன இயக்கம் இது. அந்த ஒற்றை வரிக்காகவே இந்தப் பட்டியலை நான் மதிக்கிறேன்.

இந்த ஏற்பாடு இல்லாத இடத்தில் என்ன ஆனது என்பதையும் அவர் பார்த்தார். 1763இல் வேல்ஸ் நாட்டின் பெம்ப்ரோக் பகுதிக்குப் போனபோது, அங்கே இருபது ஆண்டுகளாக நல்ல பிரசங்கம் நடந்திருந்தது. சங்கமோ ஒழுங்கோ ஒன்றும் இல்லை. ஒரு காலத்தில் எழுப்பப்பட்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் முன்னைவிட ஆழ்ந்த தூக்கத்தில் இருக்கிறார்கள் என்று வருத்தத்தோடு எழுதினார்.

[திரையில்: 1766, சார்லஸுக்கு ஒரு கடிதம்]

63 வயதில் தம்பிக்கு எழுதிய அந்தரங்கமான கடிதத்தில், சில வரிகளைச் சுருக்கெழுத்தில் மறைத்து, நான் தேவனை நேசிக்கவில்லை, ஒருபோதும் நேசித்ததில்லை என்கிறார். ஆல்டர்ஸ்கேட் முடிந்து 28 ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனாலும், நான் பிரசங்கிப்பதை வேறு விதமாகப் பிரசங்கிக்கத் துணியமாட்டேன், தேவனுடைய வேலையில் எனக்குள்ள வைராக்கியம் கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை என்றும் அதே கடிதத்தில் சொல்கிறார். இதைப் படித்துவிட்டு அவரை வேஷக்காரர் என்கிறவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. உணர்ச்சி வறண்ட நாட்களிலும் மற்றவர்களை விசாரிப்பதை நிறுத்தாத மனிதர் அவர். 1791 மார்ச்சில் அவர் இறந்தபோது, பிரிட்டனிலும் அயர்லாந்திலும் சேர்த்து 70,000க்கும் அதிகமானோர் அந்தச் சங்கங்களில் இருந்தார்கள்.

அடுத்த வீடியோவில் 1814க்குப் போகிறோம். இலங்கைக்கு மிஷனரிகளை அழைத்துவந்த தாமஸ் கோக் வழியில் கடலிலேயே இறந்துபோக, காலியில் கரையிறங்கிய மற்றவர்களில் சிலர் யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் வந்து, தமிழர் நடுவில் மெதடிஸ்ட் ஊழியத்தைத் தொடங்கினார்கள். அந்த வகுப்புக் கூட்டங்களைப் பற்றி உங்கள் குடும்பத்துப் பெரியவர்கள் ஏதாவது சொல்லியிருந்தால், கீழே எழுதுங்கள்.