யூபிஎஸ் வாங்கும்போது பெட்டியில் உள்ள பெரிய எண்ணைப் பார்க்காதீர்கள்

[திரையில்: மேசைக்குக் கீழே ஒரு கறுப்பு யூபிஎஸ். ஒரு கை சுவர் சுவிட்சை அணைக்கிறது. "பீப்" சத்தம்.]

வணக்கம். இப்போது நான் அணைத்தது சுவர் சுவிட்சைத்தான், பிளக்கைப் பிடுங்கவில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன். இந்த நிமிடத்திலிருந்து என்னுடைய கம்ப்யூட்டரும் மொனிட்டரும் இந்த யூபிஎஸ் பெட்டிக்குள் இருக்கும் பட்டரியில் ஓடுகின்றன. திரையின் மூலையில் மணிக்கூடு ஓடும், நான் பாட்டுக்குக் கதைத்துக்கொண்டிருப்பேன், நடுவில் பீப் பீப் என்று கேட்டால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இருப்பது கொழும்பு வெள்ளவத்தையில், செய்வது மொழிபெயர்ப்பு வேலை. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, மத்தியானத்துக்கு முன்னம் இலங்கை முழுக்கக் கரண்ட் போனது ஞாபகம் இருக்கும்தானே? பாணந்துறை துணை மின்நிலையத்தில் குரங்கு ஒன்று புகுந்ததுதான் காரணம் என்று அமைச்சர் சொல்ல, ஊரெல்லாம் அதை வைத்துச் சிரித்தது. அந்த நேரம் நான் ஒரு நீண்ட ஆவணத்தின் கடைசிப் பக்கங்களில் நின்றேன். யூபிஎஸ் இருக்கிறதுதானே என்ற தைரியத்தில் காலையிலிருந்து ஒரு தடவைகூடச் சேமிக்கவில்லை. ஒரே ஒரு பீப், அவ்வளவுதான், திரை கறுப்பு. நாலு வருடமாகக் காலடியில் கிடந்த பெட்டியை ஒரு நாளாவது சோதித்துப் பார்த்திருந்தால் அந்தக் குரங்கு எனக்கு ஒன்றும் செய்திருக்காது.

அதற்குப் பிறகுதான் இந்தச் சாமானைப் பற்றி ஒழுங்காகப் படித்தேன்.

சரி, முதலில் இது எதற்கு? கரண்ட் இல்லாத நேரத்தில் இருந்து வேலை செய்ய என்று நினைத்து வாங்கினால் ஏமாந்துதான் போவீர்கள். சின்ன யூபிஎஸ் தருவது சில நிமிடங்கள். அந்த நிமிடங்களில் கோப்பைச் சேமித்து, கம்ப்யூட்டரை முறையாக மூடி எழும்ப வேண்டும். இதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கக்கூடாது. 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததே, அந்தக் காலத்துக்குத் தேவைப்பட்டது வேறு சாமான், அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

[திரையில்: பெட்டியின் பக்கவாட்டு. "650" என்ற எண் பெரிதாக, "360" கீழே சின்னதாக.]

கடைக்குப் போனால் பெட்டியில் பெரிய எழுத்தில் 650 விஏ, 1000 விஏ என்று போட்டிருக்கும். நாம் அதை வாட் என்று நினைத்துக்கொள்கிறோம். இல்லை. விஏ என்பது வோல்ட்டையும் அம்பியரையும் பெருக்கி வருவது, வாட் என்பது உண்மையில் தரக்கூடிய சக்தி. மலிவான யூபிஎஸ்களில் வாட் என்பது விஏயில் 60 வீதத்தைச் சுற்றித்தான் இருக்கும், அதனால் 650 விஏ பெட்டி 360 அல்லது 390 வாட்டுக்கு மேல் தாங்காது. பெட்டியைத் திருப்பிப் பிடித்து அந்தச் சின்ன எழுத்து வாட் எண்ணைத் தேடுங்கள். அது எங்கேயுமே இல்லையென்றால் நான் என்றால் வாங்கமாட்டேன்.

உங்களுக்கு எவ்வளவு தேவை? தனி கிராபிக்ஸ் கார்ட் இல்லாத சாதாரண அலுவலகக் கம்ப்யூட்டர் 50 முதல் 100 வாட், 24 அங்குல மொனிட்டர் 20, 30 வாட். கேம் விளையாடும் மெஷின் என்றால் விளையாடும் நேரத்தில் 300, 400 என்று ஏறிவிடும். பிளக்குக்கும் சொக்கெட்டுக்கும் நடுவில் செருகுகிற சின்ன வாட் மீட்டர்கள் கிடைக்கின்றன, யாரிடமாவது இருந்தால் ஒரு நாளைக்கு இரவல் வாங்கி அளந்து பாருங்கள். வந்த எண் யூபிஎஸ்ஸின் வாட்டில் பாதியைச் சுற்றி இருந்தால் நிம்மதி.

[பீப்.]

கேட்கிறதுதானே? இன்னும் ஓடுகிறது.

இனி நேரக் கணக்கு. "அண்ணா, இது அரை மணித்தியாலம் தாராளமாக நிற்கும்" என்று எனக்கு விற்ற தம்பி சொன்னார். எதைக் கொழுவினால் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. 650 விஏ யூபிஎஸ்ஸுக்குள் பொதுவாக இருப்பது 12 வோல்ட், 7 அம்பியர் மணி ஈயப் பட்டரி ஒன்று. பெருக்கினால் 84 வாட் மணி. அப்படியென்றால் 100 வாட் கம்ப்யூட்டர் ஐம்பது நிமிடம் ஓட வேண்டுமே? ஓடாது. அந்த 7 என்ற எண் பட்டரியை 20 மணித்தியாலம் எடுத்து மெதுவாக இறக்கினால் கிடைப்பது. நாம் அவசரமாக உறிஞ்சும்போது ஈயப் பட்டரி அவ்வளவு தராது, தருவதிலும் ஒரு பங்கு 12 வோல்ட்டை 230 ஆக்குகிற வேலையில் சூடாகப் போய்விடும். புதுப் பட்டரியில் 100 வாட்டுக்கு 20 நிமிடம் சொச்சம் வரலாம். 200 வாட் என்றால் 20இல் பாதி வரும் என்றுகூட நம்பி இருக்காதீர்கள்.

வகைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மிக மலிவானது ஓஃப்லைன், கரண்ட் போனால் மட்டும் பட்டரிக்கு மாறும். அடுத்தது லைன் இன்டரக்டிவ், இதற்குள் ஏவிஆர் இருக்கும், அதாவது வோல்ட்டேஜ் கொஞ்சம் இறங்கினாலும் ஏறினாலும் பட்டரியைத் தொடாமலே சரிசெய்துவிடும். பின்னேரத்தில் பக்கத்து வீட்டு ஏசியெல்லாம் சேர்ந்து ஓட ஆரம்பித்ததும் லைட் மங்குகிற ஒழுங்கையில் இருக்கிறீர்களா? உங்களுக்கு இதுதான். மூன்றாவது ஒன்லைன், எந்த நேரமும் பட்டரிப் பக்கமிருந்தே கரண்ட் போகும், மாறுகிற இடைவெளியே கிடையாது. நல்லதுதான், ஆனால் விலையும் சத்தமும் சூடும் அதிகம், வீட்டு மேசைக்கு வேண்டாம். மற்ற இரண்டும் மாறுவதற்குச் சில மில்லி செக்கன் எடுக்கும், அதிகம் போனால் 10. கம்ப்யூட்டரின் பவர் சப்ளை அதற்கு மேலேயே தாக்குப்பிடிக்கும் என்பதால் அதைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை.

ஒரு இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். மலிவான யூபிஎஸ் பட்டரியில் ஓடும்போது தருவது வழுவழுப்பான சைன் அலை இல்லை, படிப்படியாக வெட்டிய அலை. விலை கூடிய பவர் சப்ளைகளில் அக்டிவ் பிஎஃப்சி என்ற, கரண்ட்டைச் சீராக இழுக்கவைக்கும் சுற்று ஒன்று இருக்கும், அவற்றில் சில இந்த அலையைக் கண்டால் முரண்டுபிடித்து நின்றுவிடும், அல்லது யூபிஎஸ்ஸே ஓவர்லோட் என்று கத்தி ஓஃப் ஆகும். பெரிய கிராபிக்ஸ் கார்ட் உள்ள மெஷின் வைத்திருப்பவர்கள் ப்யூர் சைன் வேவ் என்று கேட்டு வாங்குங்கள், அதில் காசு மிச்சம் பிடிக்காதீர்கள். மற்றவர்களுக்கு வெட்டிய அலையே போதும்.

[திரையில்: திறந்த யூபிஎஸ். உப்பிப்போன பழைய பட்டரி, துருப்பிடித்த கவ்விகள்.]

என்னுடையது ஏன் செத்தது என்று பார்ப்போம். இதுதான் அந்தப் பட்டரி, வயிறு எப்படி உப்பியிருக்கிறது பாருங்கள். இந்தப் பட்டரிகளுக்கு 3 முதல் 5 வருடம் என்று சொல்வது 25 பாகை அறையில். அதற்கு மேல் சுமார் 10 பாகை கூடினால் ஆயுள் பாதியாகும். கொழும்பில் பகலில் 30, 31 என்பது சாதாரணம், நானோ அதை மேசைக்குக் கீழே சுவரோடு ஒட்டி, காற்றோட்டமே இல்லாமல், கம்ப்யூட்டரின் சூடான காற்று படுகிற பக்கத்தில் வைத்திருந்தேன். போதாததற்குக் கடல் இரண்டு ஒழுங்கை தள்ளித்தான், உப்புக் காற்று கவ்விகளை அரித்திருந்தது. 2022 மின்வெட்டில் ஒவ்வொரு நாளும் அடிமட்டம் வரை இறங்கியதும் சேர்ந்தது. இவை முழுதாக ஏற 6, 8 மணித்தியாலம் வேண்டும், அதற்குள் அடுத்த வெட்டு வந்துவிடும், இறங்கிய நிலையிலேயே கிடக்கிற ஈயப் பட்டரியின் தகடுகளில் சல்பேற்று படிந்து பிறகு ஏறவே ஏறாது. ஆகவே நம் ஊருக்கு இரண்டு, இரண்டரை வருடத்தில் பட்டரி மாற்றுவது என்று இப்போதே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாற்றுவது பெரிய வித்தையில்லை. யூபிஎஸ்ஸை ஓஃப் செய்து, பிளக்கைக் கழற்றி, பழைய பட்டரியில் எழுதியிருக்கும் வோல்ட், அம்பியர் மணி, அளவு மூன்றையும் படம் எடுத்துக்கொண்டு போங்கள். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவிலோ புறக்கோட்டையிலோ தேடுங்கள். வாங்கும்போது பட்டரியில் அடித்திருக்கும் உற்பத்தித் திகதியைக் கேட்டுப் பாருங்கள், அலுமாரியில் ஒரு வருடம் கிடந்தது பாதி உயிரோடுதான் வரும். சிவப்பு வயர் சிவப்புக்கு, கறுப்பு கறுப்புக்கு, மாறிப்போனால் புகை. பழையதைக் குப்பையில் போடாதீர்கள், உள்ளே ஈயமும் அமிலமும் இருக்கிறது, விற்ற கடையிலேயே கொடுத்துப் பாருங்கள்.

[பீப். பீப்.]

கார் பட்டரி கொழுவலாமா என்று கேட்பீர்கள். 2022இல் எனக்குத் தெரிந்த இரண்டு பேர் செய்தார்கள், ஒருவருடைய யூபிஎஸ் ஒரு மணித்தியாலத்தில் உருகிய பிளாஸ்டிக் மணத்தோடு படுத்துவிட்டது. காரணம் எளிது. சின்ன யூபிஎஸ்ஸின் ட்ரான்ஸ்போமர் சில நிமிடம் ஓடி ஓய்வெடுப்பதற்கு என்று செய்தது, மணிக்கணக்கில் ஓட்டினால் அதன் சூடு வெளியே போக வழியில்லை. சார்ஜரும் சின்னது, பெரிய பட்டரியை நிரப்ப நாள்கணக்கில் திணறும். தண்ணீர் ஊற்றுகிற பட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வேறு வெளிவிடும், அதைப் படுக்கையறையில் வைப்பதா? நீண்ட வெட்டுக்கு வேலை ஓட வேண்டும் என்றால் அதற்கென்றே செய்த இன்வேர்ட்டர் எடுங்கள், இல்லையென்றால் லெப்டொப்புக்கு மாறுங்கள், அதற்குள்ளேயே பட்டரி இருக்கிறது.

எதைக் கொழுவக்கூடாது? லேசர் பிரிண்டர். அது தாளைச் சூடாக்கும் உருளைக்காகத் திடீரென்று நூற்றுக்கணக்கான வாட்டை இழுக்கும், யூபிஎஸ் பொறுக்காது. அயர்ன், கேத்தில் எல்லாம் நான் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் ஒரு அலுவலகத்தில் கேத்தில் கொழுவியிருந்ததைக் கண்ணால் கண்டிருக்கிறேன். பின்பக்கச் சொக்கெட்டுகளில் சில மாடல்களில் பாதிக்குப் பட்டரியே வராது, மின் எழுச்சிப் பாதுகாப்பு மட்டும்தான். மொனிட்டரை அதில் செருகிவிட்டு இருட்டில் முழிக்காதீர்கள்.

சரி, பிளக்கை ஏன் பிடுங்கவில்லை? சதுரக் கால் பிளக்கில் மூன்றாவது கால் ஏர்த். சுவிட்சை அணைத்தால் கரண்ட் மட்டும் நிற்கும், ஏர்த் தொடர்பு இருக்கும். பிளக்கைப் பிடுங்கினால் அதுவும் போய்விடும். அதே காரணத்தால் உருண்டைக் கால் பழைய சொக்கெட்டில் ஏதோ ஒரு அடப்டரைச் சொருகி யூபிஎஸ் ஓட்டுகிறவர்கள், ஏர்த் உண்மையிலேயே வருகிறதா என்று ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டர் கேபினெட்டைத் தொட்டால் சுரீர் என்கிறதா, அப்படியென்றால் நாளைக்கே கூப்பிடுங்கள். இன்னொன்று, ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி மின்னல் இருக்கிறதே, அதற்கு யூபிஎஸ்ஸை நம்பாதீர்கள். அந்த நேரத்தில் மட்டும் கம்ப்யூட்டரை மூடிவிட்டு, அம்மா சொல்கிற மாதிரி எல்லா பிளக்கையும் கழற்றுங்கள், ரவுட்டரின் வயரையும் சேர்த்து.

ரவுட்டர் என்றதும் ஞாபகம் வருகிறது. அது மட்டும் ஓடினால் போதும் என்றால் பெரிய யூபிஎஸ் வீண். ரவுட்டர் குடிப்பது பத்து வாட்டைச் சுற்றித்தான், அதுவும் பெரும்பாலும் 12 வோல்ட்டில். உள்ளங்கை அளவு லித்தியம் மினி யூபிஎஸ் ஒன்று 12 வோல்ட்டை நேராகவே கொடுக்கும், 230க்கு ஏற்றி மறுபடி இறக்குகிற வீண்வேலை இல்லை. ரவுட்டர் அடப்டரில் வோல்ட் எத்தனை என்று பார்த்துவிட்டு வாங்குங்கள், 9 வோல்ட் ரவுட்டரில் 12ஐச் சொருகினால் கதை முடிந்தது.

[பீப்கள் இப்போது அடுத்தடுத்து.]

நேரம் வந்துவிட்டது போல. யூபிஎஸ் பெட்டிக்குள் ஒரு யூஎஸ்பி வயர் இருக்கும், பெரும்பாலான வீடுகளில் அது உறையோடே கிடக்கும், எனக்கும் அப்படித்தான் கிடந்தது. அதைக் கம்ப்யூட்டரில் சொருகினால் வின்டோஸ் பல மாடல்களை லெப்டொப் பட்டரி மாதிரியே காட்டும், எத்தனை வீதத்தில் என்ன செய்ய வேண்டும் என்று பவர் அமைப்பில் போட்டுவிடலாம். லினக்ஸ்காரர்களுக்கு நட் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. நான் 30 வீதத்தில் ஹைபர்னேட் என்று போட்டிருக்கிறேன், அதாவது திறந்திருப்பதெல்லாம் அப்படியே டிஸ்க்கில் எழுதப்பட்டுவிடும், நான் வீட்டில் இல்லாவிட்டாலும்.

31 வீதம். பாருங்கள், எழுதிய வரியைச் சேமிக்காமலே விட்டிருக்கிறேன்.

[திரை அணைகிறது. மின்விசிறிச் சத்தம் நிற்கிறது. மணிக்கூடு 14 நிமிடம் 20 செக்கனில் நிற்கிறது. கை சுவர் சுவிட்சைப் போடுகிறது, கம்ப்யூட்டரை உயிர்ப்பிக்கிறது. பாதியில் நின்ற அதே வரி, கர்சர் சிமிட்டிக்கொண்டு.]